யெவார்: சம்பந்தியோடு வண்டிப்பெரியாருக்கு

போன தை மாதம் என் சம்பந்தியம்மா ஸ்பெயினிலிருந்து பத்து நாள் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். பெயர் பிலார். என் ஒரே மகள் கவிதா அவர் மகனைக் கட்டிக்கொண்டு அங்கேயே வேலை பார்க்கிறாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். ஏழாம் மாதம் வளையல் போட்டு, மாமியாரிடம் முறையாகக் கேட்டுப் பெண்ணைக் கூட்டிவர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தப் பயணம். வடகரப்பதியில் எங்கள் வீட்டில் வைத்துக் கேட்டால் சொந்தபந்தம் மொத்தமும் கூடி நின்று ஆளுக்கொன்று சொல்லும். அதனால் தேயிலைத் தோட்டம் பார்க்கலாம் என்று வண்டிப்பெரியாருக்குக் கிளப்பிவிட்டேன்.

போனில் பேசினால் அதுவே மொழிபெயர்த்துச் சொல்லுமே என்பீர்கள். மகளை அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்கிற தாய் போனை நீட்டிக்கொண்டா நிற்பாள்? நான்கு மாதம் இணைய வகுப்பில் ஸ்பானிஷ் படித்தேன். ஐம்பத்து நான்கு வயதில் மண்டையில் ஒழுங்காக ஏறியது ஒரே வினைச்சொல், 'யெவார்'. பையைக் கொண்டுபோவது, ஆளைக் கூட்டிப்போவது, சேலை உடுத்தியிருப்பது எல்லாவற்றுக்கும் அதுதான். பலகாரத்தில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்கவும், இத்தனை மாதமாக ஒன்றைச் செய்துவருகிறேன் என்று சொல்லவும்கூட அதுவே. ஒன்றைப் படித்தால் ஐந்து வேலை நடக்கிறதே என்று எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

காலை 5.40க்குக் கிளம்பினோம். பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம், குமுளி வழி. 280 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பழனியில் மூன்று பேர் டிபன் 310 ரூபாய். பழனி தாண்டியதும் தைரியம் வந்து, "நான்கு மாதமாகப் படிக்கிறேன்" என்று யெவாரைப் போட்டு எடுத்துவிட்டேன். பிலார் கைதட்டி என் கன்னத்தைக் கிள்ளிப் படபடவென்று ஏதோ சொன்னார்.

"ஏனுங்க்கா, அந்தம்மா உங்களப் பாராட்டறாங்களா, வையறாங்களா?" என்றார் டிரைவர் செல்வராசு.

"பாராட்டறாங்கதானுங்க. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

கம்பத்தில் சாப்பிட்டுவிட்டு, 2.50க்கு வண்டிப்பெரியார் சேர்ந்தோம். டவுனிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, தோட்டத்தை ஒட்டி ஜெசி என்பவர் தன் வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். இரவுச் சாப்பாட்டோடு அறைக்கு 1,800. டீயைக் கொண்டுவந்து வைத்ததும் பிலார், "யெவா லெச்சே?" என்று கேட்டார்.

"என்னாக்கா கேக்காங்க?" என்றார் ஜெசி.

"பால் சேத்திருக்குதான்னுங்க."

"ஐயோ, பால் ஆவாதா? இருங்க, கட்டஞ்சாயா போட்டுத் தாரேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஜோரிலேயே கேட்டிருக்கலாம். மறுநாளைக்குத் தள்ளிப்போட்டேன்.

மறுநாள் காலை தேயிலைச் சரிவில் சுற்றிவிட்டுப் பதினொன்றரைக்கு ஒரு பாறையில் உட்கார்ந்தோம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ வைத்த தட்டை அவரிடம் நீட்டினேன். நான்கு மாதமாக ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். "புவேதோ யெவார் அ மி ஈஹா அ காசா?" என் மகளை வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா?

பிலார் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபமில்லை, சுத்தமான குழப்பம். எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "என்னை எதற்குக் கேட்கிறாய்? கவிதாவைக் கேள்." சொன்னதோடு விடாமல் அவரே போனில் கவிதாவை அழைத்து என் கையில் கொடுத்தார். அங்கே காலை ஏழு மணி.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, அத்தைகிட்டக் கேக்கறதுக்கு நாலு மாசம் படிச்சிருக்கற. என்கிட்டத் தமிழ்ல ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலையா?"

தாய்வீட்டுக்கு வர எந்தப் பெண் மாட்டேன் என்பாள் என்று இருந்துவிட்டேன். என் மகளை நானே கேட்காமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.

"தப்புதான் கண்ணு. இப்பக் கேக்கறேன். வர்றியா?"

"இல்லம்மா. டாக்டரு, இவரு எல்லாம் இங்க. இங்கயே பெத்துக்கறேன்." அழத் தொடங்கினாள். "ஆனா நீ இல்லாட்டி நெம்ப பயமா இருக்கும். நீ வந்துரும்மா."

பிலாருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நானும் அழுதேன், வருத்தமும் சந்தோஷமும் பாதிப்பாதி.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: கார் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா சேர்த்து இரண்டு நாளுக்கு 10,400 ஆனது. மலைப்பாதையில் வயிறு புரட்டுபவர்கள் கம்பத்தில் அளவாகச் சாப்பிடுங்கள். தை மாதக் குளிருக்கு ஸ்வெட்டர் கட்டாயம். பிள்ளைகளுக்காக யாரிடமாவது பேசப் போகிறீர்கள் என்றால் முதலில் பிள்ளையிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். 280 கிலோமீட்டர் மிச்சமாகும்.

பாஸ்போர்ட் போன வாரம் வந்தது. என்னவெல்லாம் எடுத்துவர வேண்டும் என்று கவிதாவைக் கேட்டேன், இந்த முறை மறக்காமல். நேற்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "வேறெதும் வேண்டாம்மா. உன்ற பழைய நூல் சேல நாலு கொண்டா. புதுசு வேண்டா, நீ கட்டிக் கட்டி நைஞ்சதாப் பாத்து எடு. தொட்டில் கட்டறதுக்கு."