இரண்டு அமெரிக்கர்களும் பழனியப்பனும்

பழனியப்பன் இறந்த செய்தி போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கைப்பேசியில் வந்தது. பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். கல்விக் கடல், அறிவுச் சுடர் என்று ஆறு அடைமொழிகளைத் தாண்டித்தான் அவர் பெயரையே கண்டுபிடிக்க முடிந்தது. மனிதர் பார்த்திருந்தால் ஐந்தை அடித்துவிட்டு ஆறாவதையும் முறைத்திருப்பார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் இனி எதையும் அடிக்கப்போவதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. சேலம் அம்மாபேட்டையில் என் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாமக்கல் கல்லூரி ஆங்கிலத் துறையில் நாங்கள் இருவரும் இருபத்தாறு வருடம் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் இருந்தோம். எங்களிடம் படித்து, இப்போது இரங்கல் கூட்டத்துக்கு எழுதச் சொல்லியிருக்கும் உங்களுக்கு எங்கள் சண்டை தெரியும். உண்மையில் அது ஒரே காலத்தில் எழுதிய இரண்டு அமெரிக்க நாவலாசிரியர்களின் சண்டை. ஒருவர் நாலு சொல்லுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைப்பவர். இன்னொருவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லாமல் நிறுத்தமாட்டார். முதலாமவர் பழனியப்பனின் ஆள், இரண்டாமவர் என் ஆள். அவர்கள் உயிரோடிருந்தவரை ஒருவரையொருவர் மதித்தார்கள், மட்டமும் தட்டினார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாங்கள் தொடர்ந்தோம். அவர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. எழுதினால் இரங்கல் கூட்டத்திலேயே நீங்கள் இரண்டு அணியாக உட்காருவீர்கள்.

"உங்க ஆளு மூச்சு உடவே மாட்டேங்கறாருங்க. படிக்கறவன் செத்தே போவான்" என்பார் அவர்.

"உங்க ஆளு எழுதறது தந்தி. அதுக்கு எதுக்கு நாவல்னு பேரு?" என்பேன் நான்.

ஒருமுறை வகுப்பில், இருவரில் யார் பெரியவர் என்று கேட்டுவைத்தேன். லாரி உரிமையாளர் மகள் ஒருத்தி எழுந்தாள். "பழனியப்பன் சார் ஆளுது டூ வீலருங்க சார், எந்தச் சந்துலயும் போயிரும். உங்க ஆளுது ட்ரெய்லருங்க. ஆனா லோடு அதுலதானுங்க ஏத்த முடியும்" என்றாள். அதைப் போய் எதிர் மேசையில் சொன்னேன். அன்று முழுக்கப் பழனியப்பன் என்னிடம் பேசவில்லை.

வெட்டுவது அவருக்கு ஒரு வியாதி. சுற்றறிக்கை, விடுப்புக் கடிதம், எதைக் கண்டாலும் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். மகள் கவிதாவின் கல்யாணப் பத்திரிகையிலும் கைவரிசையைக் காட்டினார். பங்காளி, மாமன், மச்சான் என்று பக்கம் பக்கமாகப் பெயர் போடாவிட்டால் நம் பக்கத்தில் அது பத்திரிகையே இல்லை. இவரோ பெண், மாப்பிள்ளை, நாள், மண்டபம் என்று நாலு வரியில் முடித்துவிட்டார். தாய்மாமன் பெயர்கூட இல்லை. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த அவர் மைத்துனர், "பேரே இல்லாத மாமன் சீரு மட்டும் எதுக்குங்க கொண்டாரோணும்?" என்று கேட்டு, கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். தாய்மாமன் வராமல் கல்யாணம் எப்படி நடக்கும்?

பழனியப்பன் என்னையும் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார். "தப்புத்தானுங்க மச்சான். வாங்க" என்றார். அவ்வளவுதான் மன்னிப்பு. மைத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடிக்காலுக்குள் போய்விட்டார். நான் பின்னாலேயே போய், அவர் பாட்டனார் வாய்க்கால் வெட்டிய கதையில் தொடங்கி, தங்கை சின்னப் பெண்ணாக அவர் தோளில் ஏறித் திருவிழா பார்த்ததைத் தொட்டு, கவிதாவின் காதுகுத்து வரை முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினேன். "நிறுத்துங்க சாமி, நான் வாரேன்" என்று கும்பிட்டுவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது பழனியப்பன், "இன்னிக்கு ஒரு நாளைக்கு உங்க ஆளு ஜெயிச்சாருங்க" என்றார்.

என் ஆளின் நாவல் ஒன்றைப் பதினொரு வருடமாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். போன தை மாதம் முடிந்தது. ஊரே பாராட்டினாலும் பழனியப்பன் உதட்டைப் பிதுக்கினால் என் பதினொரு வருடமும் குப்பைதான். பயந்துகொண்டேதான் கொடுத்தேன்.

"எத்தனை பக்கமுங்க?"

"அறுநூத்தி நாப்பது."

"குடுங்க, நானூறாக்கித் தாரேன்."

மூன்று மாதம் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நடுவில் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோதும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படுக்கையில் கிடப்பவரிடமா மதிப்புரை கேட்பது என்று கௌரவமாக இருந்துவிட்டேன். கேட்டிருக்கலாம்.

காரியத்தன்று கவிதா கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மொதல்ல அப்பாவே படிச்சாருங்க மாமா. கை நடுங்க ஆரம்பிச்சதும் என்னையப் படிக்கச் சொன்னாரு. ஊசி போட நர்ஸ் வந்தா, 'இந்த வாக்கியம் முடியட்டும் சாமி'ங்கறாரு. அது நாலு பக்கம் போகுது. அந்தப் புள்ள நின்னு நின்னு பாத்துட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துக்கிச்சு. மறுநா அதுவே வந்து, 'கதையில அந்தக் கெழவன் அப்பறம் என்னதானுங்க ஆனான்?'னு கேக்குது" என்றாள்.

சேலம் பஸ்ஸில் உட்கார்ந்து பிரதியைத் திறந்தேன். முதலில் என் முன்னுரை. அவர் ஆள் என் ஆளைவிட எந்தெந்த வகையில் குறைந்தவர் என்று ஆறு பக்கத்துக்கு நிரூபித்திருந்தேன். ஆறு பக்கமும் மேலிருந்து கீழ்வரை சிவப்பாக அடித்திருந்தது. ஓரத்தில் "பொறாமை. வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். எங்கேயும் சிவப்பு இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், கோணல்மாணலாக, "வெட்டப் பார்த்தேன். முடியலை" என்று இருந்தது.

ராசிபுரம் தாண்டும் வரை அழுதேன். நடத்துனர் பயணச்சீட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

புத்தகம் முன்னுரை இல்லாமல்தான் அச்சுக்குப் போகிறது. அவர் அடித்த அந்த ஆறு பக்கங்களை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். பொறாமை என்று அவர் எழுதியது சரிதான். எதிர் மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். பழனியப்பன் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை எல்லாம் அவர் ஆளான அந்த அமெரிக்கருக்குத்தானே போயிற்று.