கதவைத் தட்டாத ஊர்

ஹோல்பெக்கில் யாராவது கதவைத் தட்டினால் எங்கோ தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ செத்திருக்க வேண்டும். மற்றபடி அழைக்காமல் அடுத்தவர் வீட்டுப் படியேறுவது அங்கே மரியாதை இல்லை. சாலையில் எதிர்ப்பட்டால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார்கள். வணக்கமும் நலம் விசாரிப்பும் அதிலேயே அடங்கிவிடும்.

கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில், கோதுமைக் காடுகளுக்கு நடுவே கிடந்த அந்த ஊரில் முப்பது பேர்கூட இல்லை. ஆர்விட் ஸ்டென்ருட்தான் மேயர். வேறு யாரும் கேட்காததால் அந்தப் பதவி அவரோடு ஒட்டிக்கொண்டது. ஆள் இன்னும் குறைந்தால் ஊரின் பெயரை எடுத்துவிட்டு வட்டாரத்தோடு சேர்த்துவிடுவார்கள். அது தன் காலத்தில் நடந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

அப்படியிருக்கும்போதுதான் பிலிப்பைன்ஸிலிருந்து ரோடெலும் மாரிட்டெஸும் மூன்று பிள்ளைகளோடு வந்தார்கள். ரோடெலுக்குப் பக்கத்துப் பன்றிப் பண்ணையில் வேலை. பல வருடங்களாக நெடுஞ்சாலையோடு போய்க்கொண்டிருந்த மஞ்சள் பள்ளிப் பேருந்து மறுபடி ஊருக்குள் திரும்பியது. ஜன்னலோரம் நின்ற ஆர்விட் அதைப் பார்த்துக்கொண்டே காபியை ஆறவிட்டார்.

அவர்களை எப்படியாவது ஊரில் தங்கவைக்க வேண்டும். அதற்கு, தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பனி விழுந்த நாளெல்லாம், விடியும் முன்பே டிராக்டரை எடுத்துக்கொண்டு போய், தன் வாசலைத் தொடும் முன்பே அவர்கள் வாசல் பனியை அள்ளினார். வீட்டில் விளக்கு எரிவதற்குள் கிளம்பிவிடுவார். நன்றிக்கடன் பட்டதாக அவர்கள் நினைத்துவிடக் கூடாதே. ஒருமுறை மாரிட்டெஸ் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். டிராக்டரின் இருட்டுக்குள்ளிருந்து இவர் விரலை உயர்த்தினார்.

இரண்டாவது குளிர்காலம் முடிந்ததும் அவர்கள் வாசலில் லாரி நின்றது. ஆர்விட் சாலையைக் கடந்து போனார். ரெஜைனா நகரத்துக்குப் போவதாக மாரிட்டெஸ் சொன்னாள். சம்பளம் இங்கேதான் அதிகமாம்.

"பின்ன ஏம்மா போறீங்க?"

"இங்க எங்களை யாருக்கும் புடிக்கல சார். பெரியவன் பொறந்தநாளுக்குக் கேக் வாங்கி வெச்சுட்டு, எங்க ஊர் மாதிரி கூப்புடாமலே வருவாங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். ஒருத்தர் எட்டிப் பாக்கல. கதவுல யாரோ சாப்பாட்டுப் பையை மாட்டிட்டுப் போவாங்க. யாருன்னே தெரியாது. பயந்துபோய் கொட்டிடுவேன்."

கையிலிருந்த பெட்டியை லாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஆனா பனி அள்ள கவர்மென்ட் அனுப்புற ஆளு தங்கமானவரு. ஒருநாள்கூடத் தவறினதில்ல. பாத்தா நாங்க நன்றி சொன்னோம்னு சொல்லுங்க."

அது நான்தான் என்று சொல்ல ஆர்விட்டுக்கு வாய் வரவில்லை. போகிற நேரத்தில் நன்றியைக் கேட்டு வாங்குவதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. "சொல்றேன்மா" என்றார்.

அந்த வாரம் ஊர்க்கூடத்தில் காபிக்குக் கூடியபோது இதே பேச்சுதான். அவர்களுக்கு எதிர்வீட்டு டோரீன், குளிர்காலம் முழுக்கத் தான் முட்டைக்கோஸ் உருண்டை செய்து அவர்கள் கதவில் மாட்டிவிட்டு வந்ததாகப் பெருமையாகச் சொன்னாள்.

"உள்ள போனியா?" என்று கேட்டார் ஆர்விட்.

"கூப்புடாம எப்படிப்பா போறது? மேயருன்னு பேரு, நீ போனியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சாப்பாடு என்ன ஆனது என்று ஆர்விட் சொல்லவில்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்ததும் பேருந்து நெடுஞ்சாலையோடு நேராகப் போய்விட்டது.

முதல் பனி விழுந்த காலை, எப்போதும்போல் டோரீன் வாசலைச் சுத்தம் செய்தார் ஆர்விட். முடித்ததும் கிளம்பாமல் எஞ்சினை நிறுத்திவிட்டுப் படியேறிக் கதவைத் தட்டினார்.

இரவு உடையோடு ஓடிவந்து திறந்த டோரீனின் முகம் வெளுத்திருந்தது. "யாரு செத்தா?"

"யாரும் இல்ல. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"பனி அள்ளுறது நான்தான்னு சொல்லலாம்னு..."

"ஏம்ப்பா, அது எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா வேற யாரு அள்ளுறா?"

ஆர்விட் திரும்பி எதிரே காலியாகக் கிடந்த வீட்டைப் பார்த்தார். அதன் வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி, காலடியே படாமல் கிடந்தது.

"அவங்களுக்குத் தெரியல டோரீன்."