செஞ்சி ராணிக்கோட்டை உச்சியில் ஒரு செவிப்பயிற்சி

இந்தப் பயணக் கதையில் வருபவர்கள் ஐந்து பேர்: நான், என் நாத்தனார் புவனா, செஞ்சியில் பாட்டு வகுப்பு நடத்தும் கௌரி டீச்சர், அவருடைய மாணவி தீபிகா, தீபிகாவின் அம்மா செல்வி. போன நாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வானொலியைக் கேட்டுக் கேட்டே பாட்டுக் கற்றவள் நான். பாடியது சரியா தப்பா என்று சொல்ல ஆள் கிடையாது. அந்தத் தவிப்பில்தான், என்னைப் போன்றவர்களுக்காக ஒரு செவிப்பயிற்சிச் செயலியை யோசித்தேன். கணினி வேலை தெரிந்த புவனா எழுதிக் கொடுத்தாள். தொடக்கத்தில் ஒரு முறை ‘ஸ’ ஒலிக்கும். பிறகு ஒவ்வொரு ஸ்வரமாக வரும். அது எது என்று தொட்டுச் சொல்ல வேண்டும். கடைசியில் இருபதுக்கு மதிப்பெண்.

கௌரி டீச்சர் தன் பிள்ளைகளிடம் வீட்டுப் பயிற்சிக்குக் கொடுத்துப் பார்த்தார். சில வாரத்தில் போன் வந்தது. “தீபிகா நல்லா பாடுற பொண்ணும்மா. உங்க ஆப்பு மூணு தடவையும் சைபர் போட்டுச்சு. வகுப்பையே விட்டுட்டா. வந்து பாருங்க.”

அன்று இரவு சுவாமி விளக்கேற்றும்போதும் அதே நினைப்பு. ஒரு குழந்தை பாட்டை விட்டதற்கு நான் காரணமா?

செங்கல்பட்டில் காலை 6.10க்குப் பேருந்து. திண்டிவனம் வரை ஆளுக்கு 60 ரூபாய், அங்கிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர், 30 ரூபாய். ஜன்னல் ஓரம் வயல்கள் ஓடிக்கொண்டிருக்க, புவனா திடீரென்று கேட்டாள்: “அண்ணி, கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாக்கூட இருபதுல ரெண்டு மூணு சரியா வருமே. சைபர் எப்படி வரும்?” வெளியே பாறைகள் யாரோ விளையாடிவிட்டு அடுக்க மறந்தவை போல வரத் தொடங்கியிருந்தன.

செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம்.

“கோட்டைக்கு எவ்ளோப்பா?”

“எந்தக் கோட்டம்மா? ராஜாவா, ராணியா? ராஜான்னா ஏறங்காட்டியும் மூச்சு வாங்கிடும்.”

“முதல்ல சிங்கவரம் பெருமாள், அப்புறம் ராணி.”

“புரட்டாசி சனிக்கெழமல்ல, கூட்டம் நெரியுது. வெயிட்டிங் சேத்து முந்நூத்தம்பது குடுத்துடுங்க.”

கொடுத்தேன். குகைக்குள் பள்ளிகொண்ட ரங்கநாதர் முன் நின்றபோது, என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் காது நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

ராணிக்கோட்டை வாசலில் கௌரி டீச்சரும் தீபிகாவும் காத்திருந்தார்கள். வீட்டில் வைத்துக் கேட்டால் வாயே திறக்க மாட்டாள் என்று டீச்சர்தான் மலைக்கு அழைத்து வந்திருந்தார். நுழைவுச் சீட்டு பெரியவர்களுக்கு 25 ரூபாய். ஏற எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தீபிகா எல்லோருக்கும் முன்னால் ஓடினாள்.

உச்சியில் குவிமாட மண்டபம். வளைவுகள் வழியாகக் காற்று வந்து, சற்று நின்று, போனது. எதிரே ராஜகிரியின் மேல் ஒரு மேக நிழல் ஊர்ந்தது. கீழே சாலையில் பேருந்து வளைவது தெரிந்தது. ஹாரன் சத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது. நேரம் எங்கோ கழன்று விழுந்துவிட்டது போலிருந்தது. யாரும் சொல்லாமலே தீபிகா மெல்ல ஒரு வர்ணத்தை முணுமுணுத்தாள். குவிமாடம் அதை வாங்கி மெதுவாகத் திருப்பித் தந்தது.

“இப்ப ஒரு தடவை பாக்கறியாடா கண்ணு?” என்று செயலியை நீட்டினேன்.

தயங்கித்தான் வாங்கினாள். இருபதுக்குப் பத்தொன்பது.

“ஏய், இன்னாடி இது!” என்றார் டீச்சர். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை.

மதியம் சாப்பிட அவள் வீட்டுக்குப் போனோம். செல்வி சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: “காதுல கோளாறுன்னு ஆப்பு சொல்லிச்சுன்னு டாக்டர்கிட்ட இட்டுனு போனேன். ஒன்னும் இல்லன்னு அனுப்பிட்டாரு. இவளானா அழுதுனே கெடக்குறா.”

அங்கேயே மறுபடி செய்யச் சொன்னோம். பூஜ்யம். ஆனால் இந்த முறை புவனா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தொட்டதையெல்லாம் பார்த்தாள். ‘ப’ ஒலித்தால் ‘ம’. ‘க’ ஒலித்தால் ‘ரி’. ‘த’ ஒலித்தால் ‘ப’. ஒவ்வொன்றும் ஒரு படி கீழே, ஒன்றுகூடப் பிசகாமல்.

“ஏன்டா ஒண்ணு கீழயே சொல்ற?”

“ஸ அதானே ஆன்ட்டி?” என்று சுவரைக் காட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி மில். அதன் மோட்டார் ஒரே சுருதியில் ஊம் என்று ஓடிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அதோடு சேர்ந்துதான் பாடியிருக்கிறாள். எங்கள் செயலி ஒரு முறை ‘ஸ’ சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். அந்த மௌனத்தில் மில் வந்து உட்கார்ந்துவிடும்; அதன் சுருதி சரியாக எங்கள் ‘ரி’யில் இருந்தது. நாங்கள் செயலியில் கொடுத்த சங்கராபரண ராக ஸ்வரங்களை, அதன் ரிஷபத்தை, அதாவது ‘ரி’யை, ஸ-வாக வைத்து, அவள் கரகரப்ரியா என்ற வேறு ராகமாகக் கேட்டிருக்கிறாள். தேர்ந்த காதுக்குத்தான் அது முடியும். கௌரி டீச்சர் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். செல்வி, “அப்ப மில்லுக்காரனத்தான் டாக்டர்கிட்ட இட்டுனு போணும்” என்றார்.

சுருதி விடாமல் ஒலிக்கும்படி புவனா மாற்றிவிட்டாள். மில் ஓடும்போதே போட்டுப் பார்த்தோம்; பதில்கள் சரியாக வந்தன. ஆனாலும் வகுப்புக்கு வருவாயா என்று கேட்டதற்கு, “மார்க் போடலன்னா வரேன்” என்றாள் தீபிகா. மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, என்ன பதில் சொன்னாள் என்பதை மட்டும் ஆசிரியருக்குக் காட்டச் சொல்கிறார் டீச்சர். மதிப்பெண் இல்லாவிட்டால் மற்ற பிள்ளைகள் தொடவே மாட்டார்கள் என்கிறாள் புவனா.

போகிறவர்களுக்கு: தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு இரண்டு பாட்டில். குரங்குகள் உண்டு, பையைத் திறக்காதீர்கள். வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். அமாவாசையைத் தவிருங்கள், பேருந்தெல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டம். எனக்கும் புவனாவுக்குமாகப் போக வரப் பேருந்து 360, கோட்டைச் சீட்டு 50, ஆட்டோ 350.

பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர்களிடம் ஒரு கேள்வி. மதிப்பெண் வேண்டுமா, வேண்டாமா? விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள் சேருகிறார்கள், அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். தயவுசெய்து இந்த வாரமே பதில் எழுதுங்கள்.