வேப்பிலை செருகிய வாசல்

மெர்கோங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் பூனை ஓயாமல் சொறிகிறது. என் மகளின் கணுக்காலிலும் வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள்.

சின்ன வயதில் நாங்கள் இருந்த கரங்கான் தோட்டத்தில் என் தங்கை செல்விக்கும் இப்படித்தான் வந்தது. தொழிலாளர் லயத்து வீட்டுக் கூரையில் எலி செத்து நாறிய சமயம் அது. காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, அம்மா அதை அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை செருகினாள்.

"ஆத்தா வந்திருக்கா. யாரும் பாயைத் துவைக்காதீங்க, பூச்சி மருந்து அடிக்காதீங்க."

செத்த எலியை விட்டு இறங்கிய தெள்ளுப்பூச்சிகள் அந்தப் பாயில்தான் இருந்தன. தெள்ளு கடித்து வந்த காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது செல்வி போய்விட்டிருந்தாள்.

இன்று அம்மா வேப்பிலை தேடவில்லை. போர்வைகளை வாளியில் திணித்துக் கொதிநீர் ஊற்றுகிறாள்.

"தள்ளி நில்லுடி செல்வி."

"நான் கவிதா லா, பாட்டி," என்று மகள் சிரிக்கிறாள்.

அம்மாவின் காதில் அது விழவில்லை. ஊற்றிக்கொண்டே இருக்கிறாள்.