வளையல் வேண்டும், கை வேண்டாம்

போன வாரம் எங்கள் தெரு அம்மனுக்கு வளைகாப்பு. ஆடிப்பூரத்தன்று வருஷா வருஷம் நடப்பதுதான். உற்சவர் அம்மனை முன்மண்டபத்து மேடையில் வைத்து, சந்தனம் பூசி, பெண்கள் ஒவ்வொருவராக ஏறி வளையல் போடுவோம். முழுக்க முழுக்கப் பெண்கள் விழா என்று நோட்டீஸில் போடுகிறார்கள். நோட்டீஸ் போடுகிற கமிட்டியில்தான் ஒரு பெண்கூடக் கிடையாது.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் அறிவிப்பு. ‘சுமங்கலிப் பெண்கள் மட்டும் மேடைக்கு வரவும். ஐதீகம் காக்க ஒத்துழைக்கவும்.’ கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் இல்லாத அறிவிப்பு இப்போது யாருக்காக?

தனலெட்சுமிக்காக. வேறு யாருக்கு?

காரைக்குடியில் எங்கள் தெரு முனையில் வளையல் கடை வைத்திருப்பவள் தனம். அவள் கணவர் மரவேலை ஆசாரி. கானாடுகாத்தானில் ஓட்டலாகிவிட்ட பெரிய வீடுகளில் கதவு, ஜன்னல் சரிசெய்துகொண்டிருந்தவர். போன தை மாதம் மாரடைப்பில் போய்விட்டார். பதினெட்டு வருஷமாக அம்மனுக்கு முதல் வளையல் போட்டது தனம்தான். இந்தத் தெருவில் எந்தக் கல்யாணப் பெண்ணுக்கும், எந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் வளையல் ஏற்றிவிடுவதும் அவள்தான்.

இதுவரை கணவனை இழந்தவர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள் போல. நான்கூட அதைக் கவனித்ததில்லை... வெட்கமாகத்தான் இருக்கிறது. தனம் அப்படி ஒதுங்கமாட்டாள் என்று சந்தேகம் வந்ததும் எழுதியே போட்டுவிட்டார்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? அன்று சாயங்காலமே கமிட்டித் தலைவர் தனத்துக்குப் போன் பண்ணி வளையல் ஆர்டர் கொடுத்திருக்கிறார். “உன் கடை வளையல்தான் வேணும் தனம். உன் கைராசி அப்படி.”

தனம் இதைச் சொல்லும்போது அழவில்லை. டப்பாவில் வளையல் அடுக்கிக்கொண்டே சொன்னாள். “எனக்கு மேடை முக்கியமில்லக்கா. அவரு போனதிலிருந்து யாரும் என்னை எதுக்கும் கூப்பிடறதில்ல. ஆத்தாளும் கூப்பிட மாட்டாளான்னுதான் இருக்கு.”

நான் விடுவேனா? தலைவருக்குப் போன் போட்டேன்.

“ஏண்ணே, கைராசி வேணும், கை மட்டும் வேணாமா?”

“நான் என்னம்மா செய்யட்டும்? ஐதீகம்னு ஒண்ணு இருக்குல்ல. நாளைக்குச் சாமி குத்தமாச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீக?”

“நம்ம அம்மனுக்குப் புருஷன் யாருண்ணே?”

எங்கள் அம்மன் தனி அம்மன். பக்கத்தில் ஐயனும் இல்லை, அவருக்கென்று சன்னதியும் இல்லை. புருஷன் இல்லாதவளுக்கு வளைகாப்பு நடத்துகிறோம். அதற்கு ஐதீகம் தாராளமாக இடம் கொடுக்கிறது. தனத்தைக் கண்டால்தான் விறைத்துக்கொள்கிறது.

“அதெல்லாம் கேக்கப்படாதும்மா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் கும்பிடுகிறவள் பெண். அவளிடம் ‘ஏண்டி ஆத்தா, உனக்குக் கண்ணில்லையா’ என்று சண்டை போடுவோம். மாமியார் சொன்னது, முட்டுவலி, மகனுக்கு வேலை கிடைக்காதது... எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் தலைவர் மனதில் இருக்கும் சாமி வேறு. மீசை வைத்த ஹெட்மாஸ்டர். கையில் பிரம்பு, மேஜையில் ரூல் புத்தகம். கருவறையில் அம்மனை வைத்துவிட்டு, அந்த ஹெட்மாஸ்டருக்குப் பயந்து அவளுக்கு விழா எடுக்கிறோம்.

விழா நாள் வந்தது. நான் மட்டும் என்ன கிழித்தேன்? பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் நின்றேன். தனம் வரிசைக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

முதல் வளையல் தலைவரின் மனைவி சாந்தி. ஏற்றினாள். உடைந்தது. இன்னொன்று எடுத்தாள். அதுவும் உடைந்தது. வளைகாப்பில் வளையல் உடைந்தால் எப்படி இருக்கும்? மேளம் நின்றுவிட்டது. தலைவர் முகம் வெளுத்துவிட்டது.

என் பின்னால் ஒரு குரல், “அவ கை பட்ட வளையலாச்சே, அதான்.” பேசியது ஆண் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி, “அப்ப உங்க மக கையில கெடக்கிறதையும் கழட்டிருங்க. அதுவும் தனம் போட்டதுதான்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அதற்குள் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து தனம் நிதானமாகச் சொன்னாள். “சாந்திக்கா, ஆத்தாளுக்கு வலது கை சுண்டுவிரல் கொஞ்சம் வெளிய நீட்டியிருக்கும். முதல்ல அதை உள்ள விட்டு, அப்புறம் சாய்ச்சுத் திருப்பணும்.”

சாந்தி ஒரு தடவை முயன்றாள். ஏறவில்லை. வளையலைத் தட்டில் வைத்தாள். மேடையிலிருந்து இறங்கினாள். யாரையும் கேட்கவில்லை, கணவர் பக்கம் திரும்பவும் இல்லை. கயிற்றைத் தூக்கி, தனத்தின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

தலைவர் அவசரமாக மைக்கைப் பிடித்தார். “பக்தர்கள் பொறுமை காக்கவும். டெக்னிக்கல் காரணத்துக்காகத் தனலெட்சுமி மேடைக்கு வர்றாக.”

தலையில் அடித்துக்கொள்வதா, சிரிப்பதா?

தனம் பச்சையும் சிவப்புமாகப் பன்னிரண்டு வளையல் ஏற்றினாள். ஒன்றுகூட உடையவில்லை. கடையில் சின்னப் பிள்ளைகளிடம் சொல்வது போல, “வலிக்குதா ஆத்தா, இந்தா ஆச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றதால் கேட்டது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

கடைசியில் எல்லோருக்கும் குங்குமமும் அம்மன் வளையலும் பிரசாதமாகக் கொடுத்தார்கள். தனத்துக்கு விபூதி மட்டும். டெக்னிக்கல் காரணம் அத்தோடு முடிந்துவிட்டதாம்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். தனம் ஒரு காலேஜ் பெண்ணுக்கு வளையல் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக வெறுமையாக இருந்த அவள் கைகளில் கைக்கு நாலாகப் பச்சை வளையல்கள்.

“என்ன தனம் இது?” என்றேன்.

நிமிராமலே சொன்னாள். “டெக்னிக்கல் காரணம்க்கா.”