ஆள் வருது

எங்கள் அப்பாவுக்கு எதிர்ப்படுகிற எல்லோரும் சொந்தக்காரர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவர் வீட்டு மாட்டுக்கு எத்தனை பல் என்பதுவரை விசாரித்துவிடுவார். அவருக்குப் பிறந்த நானோ, வீட்டுக்கு யாராவது வந்தால் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். "வாயில கொழுக்கட்டையா?" என்று வந்தவர்கள் கேட்பார்கள். கொழுக்கட்டை எதுவும் இல்லை. பயம்தான்.

இரண்டாம் வகுப்பு லீவில் அம்மா முன்னதாகவே திண்டிவனத்துக்கு, மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவும் நானும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். திண்டிவனம் வழியாகப் போகிற சென்னை பஸ்ஸில் ஏகக் கூட்டம். அப்பா என்னைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே இறக்கி, பக்கத்து இடத்தில் தன் துண்டைப் போட்டார்.

"யாரு கேட்டாலும் ஆள் வருதுன்னு சொல்லு. தண்ணி வாங்கினு ஜல்தியா வந்துடறேன்."

அந்த இரண்டு வார்த்தையை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வெளியே எட்டிப் பார்த்தால், கடையில் யாரோ ஒருவர் தோளில் கைபோட்டு அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது. "அப்பா" என்று கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

துண்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அதை விட்டால் அப்பாவே இல்லாமல் போய்விடுவார் என்று தோன்றியது. விக்கிரவாண்டி டோல்கேட் போயிற்று. திண்டிவனத்தில் இறக்கிவிடுங்கள் என்று கேட்க என்னால் முடியாது. சென்னைக்கே போய்விடுவேன். அங்கே இருட்டிவிடும்.

கண்டக்டர் வந்தார்.

"கூட யாரு பாப்பா?"

நான் துண்டைப் பார்த்தேன்.

"அப்பா போன் நம்பர் தெரியுமா?"

மனப்பாடமாகத் தெரியும். ஒரு எண்கூட நாக்குக்கு வரவில்லை.

நின்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் துண்டைப் பிடித்து இழுத்தார். "காலி சீட்ட எதுக்குப் புடிச்சிக்கினு கீற?"

அப்போதுதான் அது வெடித்து வெளியே வந்தது.

"ஆள் வருது!"

ஓடுகிற பஸ்ஸுக்கு எங்கிருந்து ஆள் வரும்? எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை விட்டுவிட்டு, "ஐயோ, கொழந்தையோட வந்த ஆள வுட்டுட்டு வண்டிய எடுத்தாந்துட்டீங்களேய்யா!" என்றார்.

அடுத்த ஸ்டாப்பான திண்டிவனத்தில் கண்டக்டர் என்னைக் கைப்பிடித்து இறக்கி, பஸ் ஸ்டாண்டில் பஸ் வரும் நேரம் குறிக்கிற டைம் ஆபீசில் உட்காரவைத்துவிட்டுப் போனார். பஸ்கள் வந்தன. அப்பா வரவில்லை. இனி வரவே மாட்டார் என்று நான் முடிவு செய்த நேரத்தில், ஒரு பஸ் நிற்பதற்குள் அதிலிருந்து குதித்து ஓடிவந்தார். சீட்டைப் பிடித்துவைத்தேன் என்பதற்குச் சாட்சியாகத் துண்டை நீட்டினேன்.

அப்பா துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். டைம் ஆபீஸ்காரருக்கு ஒரு கும்பிடு மட்டும். ஆட்டோக்காரரிடம் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டபோது, செருப்பைக் கழற்றிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். ஆடு குறுக்கே வந்ததைக்கூட அரை மணி நேரம் சொல்கிற மனுஷர், இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என்மேல் கோபம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஆட்டோவில் என் கையைப் பிடித்திருந்த அவர் கை, மாமா வீடு வரைக்கும் நடுங்கிக்கொண்டே வந்தது. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.