கல்லைக் கலைத்த ஜெயசீலன்

ஜெயசீலன் இறந்த செய்தியை அவருடைய தம்பி தயாளன் தொலைபேசியில் சொன்னார். "அண்ணன் காலைல தவறிட்டாரு சார்" என்றார். நான் வாய் திறப்பதற்குள், "அந்த மீன் தொட்டிய நீங்க எடுத்துக்கறீங்களா?" என்றும் கேட்டார். துக்கத்திலும் காரியத்தை மறக்காத குடும்பம்.

அலுவலகத்தில் பக்கத்து மேஜை, சேலையூரில் அடுத்த தெரு. அப்படித்தான் ஜெயசீலனை நான் அறிவேன். உங்களில் பலருக்கு அவர் 'உப்புத்தண்ணி ஜெயசீலன்'. நல்ல தண்ணீருக்கு ஊரே குடத்தோடு அலைந்த எண்பதுகளில், ஞாயிறுதோறும் கோவளம் போய் ஸ்கூட்டரில் கேன் கேனாகக் கடல்நீர் கொண்டுவந்த ஒரே மனிதர். சர்ச்சுக்கு வராததற்கு அவர் சொன்ன இந்தக் காரணத்தைப் போதகர் கடைசிவரை நம்பவில்லை.

அவர் வீட்டு ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டிக்குத்தான் அந்தத் தண்ணீர். அதில் கட்டைவிரல் அளவு நீல மீன் ஒன்று இருந்தது. 'ஹவுஸ் ஓனர்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். ஒரு பாறை இடுக்கைப் பிடித்துக்கொண்டு தொட்டி முழுவதற்கும் பட்டா எழுதிக்கொண்ட மீன் அது. புதிதாக விட்ட மஞ்சள் மீனின் வாலை ஒரே மாலையில் கந்தலாக்கியது. ஜெயசீலன் மஞ்சளைத் தனியே கடல்நீர் வாளியில் விட்டுக் காயம் ஆறவைத்தார். பிறகு தொட்டிப் பாறைகளையெல்லாம் எடுத்து இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சளை உள்ளே விட்டார். நீலம் தன் இடுக்கைத் தேடி அலைந்தது. சண்டை போட அதற்கு நேரமில்லை.

"மீனுக்குக் கோபம் கிடையாது சார். விலாசம்தான் இருக்கு. அதக் கலைச்சுட்டா ரெண்டுமே புதுசு" என்றார்.

அந்த வெற்றிதான் அவரைக் கெடுத்தது.

அப்பா விட்டுப்போன அந்த வீட்டால் அண்ணன் தம்பிக்குள் நெடுநாள் மனத்தாங்கல். வளைகுடாவில் இருந்த தயாளன் மனைவி மக்களோடு நிரந்தரமாகத் திரும்புகிறார் என்று தெரிந்ததும், தனிக்கட்டையான ஜெயசீலன் பீரோ தூக்க என்னைக் கூப்பிட்டார். கட்டில், அலமாரி, அப்பாவின் நாற்காலி, அப்பாவின் படம் என்று எதுவும் இருந்த இடத்தில் இல்லை. அவருடைய அறையே காலியாகி, கட்டில் ஹாலுக்கு வந்திருந்தது. "வந்து நிக்கும்போது எது யாரோட எடம்னே தெரியக்கூடாது சார். சண்டையே வராது" என்றார்.

டாக்சியில் வந்து இறங்கிய தயாளன் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாண்ணா, வூட்டையே காலி பண்ணி வெச்சிருக்கே?"

தயாளனின் மனைவிக்குக் கண் கலங்கியது. "பெரியவரு நமக்காக ரூமை ஒழிச்சுக் குடுத்திருக்காருங்க. நீங்கதான் அவரத் தப்பா நெனச்சீங்க" என்று சொல்லி, பெட்டிகளை ஜெயசீலனின் அறையில் இறக்கினார். ஜெயசீலன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நன்றி சொல்பவர்களிடம் எப்படி மறுப்பது?

அதன் பிறகு எல்லாம் மரியாதையாகவே நடந்தது. "உப்புக் காத்துல டிவி கெட்டுப்பூடும்ணா" என்று தம்பி சொன்னார். தொட்டி பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போனது. அதைப் பார்த்துக்கொள்ள அவரும் போனார். அந்தக் கோடையில் மஞ்சள் செத்தது. நீலம் மறுத்துவிட்டது.

"உங்க ரூமைத் திருப்பிக் கேளுங்களேன்" என்று டீக்கடையில் ஒருமுறை சொன்னேன்.

"கேட்டேன் சார். 'அன்னிக்கே சொல்லியிருந்தா குடுத்திருப்பேனேண்ணா'ன்னான்." டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "தொட்டியில கல்லக் கலைச்சப்போ நான் வெளிய நின்னேன். வூட்டுல நானும் உள்ளதானே சார் இருந்தேன். அத மறந்துட்டேன்."

சாகும்வரை அந்தக் கொட்டகையில்தான் இருந்தார். அடக்கத்தன்று எல்லோரும் அவரை விட்டுக்கொடுக்கும் குணமுள்ளவர் என்று புகழ்ந்தார்கள். அதிகம் புகழ்ந்தவர்கள் பெற்றுக்கொண்டவர்கள். கல்லறையிலிருந்து திரும்பியபோது, அந்தக் கொட்டகை யாருக்கு என்று தயாளனின் மகன்கள் இருவரும் வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

தொட்டியும் நீல மீனும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. பாறைகளை அவர் கடைசியாக அடுக்கியிருந்தபடியே அடுக்கினேன். புது மீன் எதுவும் வாங்கவில்லை; வாங்கப்போவதும் இல்லை. கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டால், இடுக்கிலிருந்து பாய்ந்து வந்து விரலைக் கடிக்கிறது. கடிக்கட்டும். ஜெயசீலனுக்குக் கடிக்க வரவில்லை.